பேச்சியின் இலை

“தாயி, என் நாய்க்கு வயிறு நிக்க மாட்டேங்குது. எனக்கு வயிறு எரியுது. ரெண்டுக்கும் சேத்து ஏதாவது ஒரு வழி சொல்லுங்க.”

ஆவுடையப்பன் இப்படித்தான் ஆரம்பித்தார்.

உலகம்மை நிமிரவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எத்தன நாளா?”

“நாளா? பதினோரு மாசம். வாந்தி, கழிச்சல். ரெண்டு நாள் நல்லா இருக்கும், மறுபடி பிடிச்சிக்கும். மூணு மணியானா பின்வாசக் கதவப் பிறாண்டும். கழியத்தான் போகுதுன்னு தெறந்து விடுவேன். வெளிய போகாது, சவம். கதவுக்குப் பின்னால போயி சுருண்டுக்கும். அங்கனயே அசிங்கம் பண்ணிருமோன்னு வெரட்டி விட்டுருவேன்.”

“உங்களுக்கு எத்தன நாளா?”

“எனக்கும் பதினோரு மாசந்தான். புளிச்ச ஏப்பம். நெஞ்செரிச்சல்.”

“பதினோரு மாசத்துக்கு முந்தி வீட்ல யாரு இருந்தாக?”

ஆவுடையப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பேச்சி இருந்தா. எம் பொண்டாட்டி.”

உலகம்மை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவரை அல்ல, நாயை.

செவலை நாட்டு நாய். பெயர் சிட்டு. நாய்க்குப் போய் யாராவது சிட்டு என்று பெயர் வைப்பார்களா? பேச்சி வைத்தாள். ஒரு காலத்தில் கொழுகொழுவென்று இருந்த நாய்தான். இப்போது விலாவை எண்ணிவிடலாம்.

இந்த ஆவுடையப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அறுபத்தேழு வயது. முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயில் பிந்தும், ஆவுடையப்பன் சாப்பாடு பிந்தாது. பன்னிரண்டு ஐம்பதுக்குக் கை கழுவுவார். ஒரு மணிக்கு இலை விழ வேண்டும், இலையில் ஆவி பறக்க வேண்டும். நாற்பத்தொரு வருஷம் பேச்சி ஒரு நாள்கூட அதைத் தவற விடவில்லை. ரயில்வேக்காரர்கள் பார்த்துப் படித்திருக்கலாம்.

பிள்ளைகுட்டி கிடையாது. பேச்சி போன பிறகு அந்த வீட்டில் அவள் கை பட்டு வளர்ந்த உயிர் என்று பார்த்தால் இந்த நாய் ஒன்றுதான்.

உலகம்மைக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மழித்த தலை, காவிச் சேலை. ஆனைப்பாறை அடிவாரத்தில், ஓடைக்கரையில் ஓட்டுக்கூரை போட்ட மடம் அவளுடையது. உபதேசம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேர் தங்கிவிடுவார்கள். என்ன சொன்னாள் என்று கேட்டால் இரண்டு தரப்பாருக்கும் சொல்லத் தெரியாது.

“மாட்டு டாக்டரு என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“இன்னும் ஒரு தடவ இப்படிக் கழிஞ்சா நாய் பிழைக்காதுன்னாரு. உள்ளி ஆகாதாம். எண்ணெய், புளி, காரம் எதுவும் ஆகாதாம். வெறுஞ்சோத்தக் கொழைய வேகவச்சுக் குடுன்னாரு.”

“குடுத்தியளா?”

“அதெப்படித் தாயி குடுக்க முடியும்?”

“ஏன்?”

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பேச்சிக்குப் பதினாறாம் நாள் விசேஷம். இலை போட்டு, எல்லாம் படைச்சு, காக்காயக் கூப்பிடுதோம். ஒரு மணி நேரம் கத்துனோம். ஒரு காக்கா வரணுமே! அந்நேரம் இந்தச் சிட்டு வந்து இலையில வாய வச்சிட்டு. எல்லாரும் கம்பெடுத்துக்கிட்டு ஓடுனாக. எங்க சித்தப்பாதான் தடுத்தாரு. ‘அடிக்காதிய, பேச்சியே வந்துட்டா’ன்னாரு.”

“ம்.”

“அன்னையில இருந்து தெனமும் படைக்கேன் தாயி. அமாவாசைக்கு அமாவாசை படைச்சாப் போதும்னு ஊர்ல சொல்லுதாக. எனக்கு மனசு கேக்கல. தெனமும் ஒரு மணிக்கு இலை போட்டிருவேன். அவளுக்குப் பிடிச்சதாப் பாத்துப் பாத்து நானே சமைக்கேன். இது தின்னாத்தான் நான் சாப்பிடுவேன்.”

“இன்னைக்கும் கொண்டு வந்திருக்கியளோ?”

“பின்னே? அடுக்குச் சட்டியில இருக்கு.”

உலகம்மை கீரைத்தண்டைத் தூக்கிப் பசு மாட்டுக்குப் போட்டாள்.

ஒரு மணிக்கு மடத்து முற்றத்தில் இலை விழுந்தது.

சின்ன வெங்காயமும் புளியுமாக உள்ளித் தீயல். உளுந்த வடை, அதிலும் உள்ளி. உருளைக்கிழங்கு வறுவல். எள்ளுத் துவையல். ஆவுடையப்பன் சூடம் காட்டினார். காக்காய்கள் வேலி மேல் காத்திருந்தன. அவற்றை ஒரு கையால் விரட்டி, மறு கையால் நாயைக் கூப்பிட்டார்.

சிட்டு இரண்டு அடி பின்னால் போனது.

“வா தாயே. உனக்குப் பிடிச்சதெல்லாம் வச்சிருக்கேன். தின்னு.”

நாய் இலையைப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தது. அவர் கண் கலங்கியிருந்தது. என்ன செய்யும், பாவம்? வந்து தின்றது.

அரை மணி நேரத்தில் ஓடைக்கரையில் போய் அத்தனையையும் கக்கியது. கடைசியில் மஞ்சளாக நுரை மட்டும் வந்தது. நாலு காலும் நடுங்க அப்படியே படுத்துவிட்டது.

ஆவுடையப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

உலகம்மை மண் அள்ளி வந்து கக்கினதை மூடினாள். ஈரத்துணியால் நாயின் வாயைத் துடைத்துவிட்டாள்.

“இந்தத் தீயல், வடையெல்லாம் யாருக்குப் பிடிக்கும்?”

“சொன்னேன்லா, பேச்சிக்கு.”

“அவுக தின்னு பாத்திருக்கியளா?”

“என்ன தாயி இப்படிக் கேக்கிய? நாப்பத்தோரு வருசம்! வாரத்துல ரெண்டு தடவ தீயல் வைப்பா. அந்தப் பக்குவம் எவளுக்கும் வராது.”

“சமைச்சதக் கேக்கல அண்ணாச்சி. தின்னதக் கேக்கேன். அவுக என்ன சாப்பிட்டாக?”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

தீயல் வைத்த பேச்சி ஞாபகத்துக்கு வந்தாள். வடை தட்டிய பேச்சி வந்தாள். விசிறியோடு நின்ற பேச்சி, “இன்னும் கொஞ்சம் போடட்டா?” என்று கரண்டியோடு குனிந்த பேச்சி, எல்லாரும் வந்தார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்த பேச்சி மட்டும் வரவே இல்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டார். பதில் இல்லாத மனிதருக்குக் கோபம்தானே வரும்? வந்தது.

“வயித்துக்கு வழி கேட்டு வந்தா, பொண்டாட்டி தின்னதக் கேக்கிய! இதுக்கா நான் நாயத் தூக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்தேன்?”

பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். அப்புறம்தான் நினைவு வந்தது. கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரனை நாளை மறுநாள் சாயங்காலம் வரச் சொல்லி அவரேதான் அனுப்பியிருந்தார். மலையடிவாரத்தில் வேறு வண்டி கிடையாது. பையோடு திரும்பி வந்தார்.

உலகம்மை சிரிக்கவில்லை. நல்லவள்.

“நாளைக்கு இந்த நாய்க்கு எலையும் வேண்டாம், சோறும் வேண்டாம். தண்ணி மட்டும் வைங்க” என்றாள். “நீங்க பரிமாறணும்.”

“நானா?”

“இங்க தங்குதவுக மறுநாள் பரிமாறணும். எல்லாரும் எந்திரிச்ச பொறவுதான் சாப்பிடணும். மடத்து வழக்கம்.”

மறுநாள் மத்தியானம் பந்தியில் பதினொரு பேர்.

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்றுக் கூடையைத் தூக்கினார். அறுபத்தேழு வருஷத்தில் அவர் ஒருவருக்கும் ஒரு கரண்டி சோறு போட்டதில்லை, கடைசி பதினோரு மாதம் அந்த இலைக்குப் போட்டதைத் தவிர. முதல் இலையிலேயே பாதி வெளியில் கொட்டினார்.

“அண்ணாச்சி, இங்கன குழம்பு.”

“அண்ணாச்சி, இங்கனயும் ஒரு கண்ணு பாருங்க.”

“ரசம் சூடா இல்லையே?”

சூடு பண்ண ஓடினார். அதற்குள் மோர் கேட்டார்கள். மோரோடு வந்தால், முதலில் உட்கார்ந்தவர் மறுசோறு கேட்டார். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. மணி ஒன்றே முக்கால். அவர் வயிறு கூப்பாடு போட ஆரம்பித்தது.

ஒருவழியாகப் பந்தி எழுந்தது. எச்சில் இலை எடுத்து, தரை துடைத்து, தனக்கு ஒரு இலை போட்டுச் சோற்றை வைத்தார். கை வைக்கப் போகும்போது வாசலில் ஒரு குடும்பம். பாதயாத்திரை போகிறவர்கள், நாலு பேர், கையில் ஒரு பிள்ளை.

உலகம்மை அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஆவுடையப்பன் தன் இலைச் சோற்றைக் கூடையில் திருப்பிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவர்களும் சாப்பிட்டுப் போனார்கள். மணி மூன்றே கால்.

பானையில் அடிப்பிடித்த சோறு. குழம்புச் சட்டியில் வண்டல், மிளகாய் முழுக்க அதில்தான் இறங்கிக் கிடந்தது. பிசைந்து தின்றார். இரண்டாவது வாயிலேயே வயிற்றுக்குள் தீப்பிடித்தது.

“தாயி, மணி மூணேகால் ஆயிட்டு!” என்றார். குரலில் அவ்வளவு ஆற்றாமை.

“ஒரு நாள்தான அண்ணாச்சி” என்றாள் உலகம்மை.

ஆவுடையப்பன் கை இலையில் அப்படியே நின்றது.

எரிகிற வயிற்றை இடது கையால் அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். இதே இடத்தில், இதே மாதிரி ஒரு கை. கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு பித்தளைச் செம்பு. செம்பு நிறைய வெந்நீர். மத்தியானத் தூக்கம் கலைந்து தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வந்தபோதெல்லாம் பார்த்திருக்கிறார்.

“வாயுதாம்ட்டி. ஓமத்தண்ணி குடி” என்பார்.

“சரி” என்பாள் பேச்சி.

எத்தனை வருஷம் அந்தச் செம்பைப் பார்த்தோம் என்று யோசித்தார். பத்தா? பதினைந்தா? ஒருநாள்கூட நின்று, “எங்கட்டி வலிக்கு?” என்று கேட்டதாக ஞாபகம் இல்லை.

சாப்பிட முடியவில்லை. இலையை மூடினார்.

“தாயி, ஒண்ணு சொல்லுதேன். யார்ட்டயும் சொன்னதில்ல.”

உலகம்மை எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“கடேசியா ரத்தமா வாந்தி எடுத்த அன்னைக்குத்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டரு அவட்டதான் கேட்டாரு. ‘ஏம்மா, வேளா வேளைக்கு என்ன சாப்பிடுவிய, எப்ப சாப்பிடுவிய?’ன்னு அவளப் பாத்துத்தான் கேட்டாரு. நான் பதில் சொன்னேன்.”

“என்ன சொன்னிய?”

“‘அவளுக்கென்ன டாக்டர், ஒரு மணிக்கெல்லாம் எங்க வீட்ல சாப்பாடு முடிஞ்சிரும். எல்லாம் நல்லா சாப்பிடுவா’ன்னு சொன்னேன்.”

“அவுக?”

“என்னையப் பாத்தா. பொறவு டாக்டரப் பாத்து, ஆமான்னு தலையாட்டிட்டா.”

குலுங்கிக் குலுங்கி அழுதார். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அழுதார். சிட்டு மெதுவாக எழுந்து வந்து அவர் முழங்காலில் தாடையை வைத்தது.

“பொய் சொல்லல தாயி. அப்படித்தான் நெனச்சிருந்தேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சிருந்தேன்.”

அவர் அழுது முடிக்கிறவரை உலகம்மை இருந்தாள். அப்புறம் எழுந்தாள்.

“பாத்திரம் கெடக்கு” என்றாள்.

ஆவுடையப்பன் பாத்திரம் தேய்த்தார். பதினைந்து பேர் சாப்பிட்ட பாத்திரம்.

மூன்றாம் நாள். நாய் நேற்று முழுக்கக் கழியவில்லை. ஆனால் நிற்கும்போது பின்னங்கால் இரண்டும் ஆட்டம் கண்டது.

“இன்னைக்காவது ஏதாவது குடுக்கணும் தாயி. போயிருமோன்னு பயமா இருக்கு. இதுவும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?”

“குடுப்போம். பந்தி முடியட்டும்.”

அன்றும் அவரே பரிமாறினார். யாரும் சொல்லவில்லை. இந்தத் தடவை சோறு வெளியில் கொட்டவில்லை. ரசத்தைக் கேட்பதற்கு முன்பே சூடு பண்ணி வைத்திருந்தார். இடையில் ஒரு மணி ஆனதைக் கவனிக்கவில்லை.

எல்லாம் ஒழியும்போது மணி மூன்றடிக்கப் போகிறது. முற்றத்தில் ஒரு இலையை விரித்து நீர் தெளித்தார்.

“என்ன படைக்கப் போறிய?” என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் உலகம்மை.

“தெரியல தாயி” என்றார் ஆவுடையப்பன். நிஜமாகவே தெரியவில்லை. இலை வெறுமனே கிடந்தது.

உலகம்மை அடுப்பில் கிடந்த நொய்க்கஞ்சியை இறக்கி வெகுநேரம் ஆகியிருந்தது. உப்புப் போடாத கஞ்சி. ஒரு அலுமினியக் கும்பாவை எடுத்தாள். கஞ்சியை அதில் ஊற்றி, அகப்பையில் ஒட்டியிருந்ததைக் கும்பா விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி வழித்தாள்.

டங், டங்.

சிட்டு காதைத் தூக்கியது.

எழுந்தது. நாலு காலும் நடுங்க, இலையைத் தாண்டியது. ஆவுடையப்பனைத் தாண்டியது. அடுக்களைக்குள் நுழைந்து, கும்பாவையும் தாண்டி, நேராகப் பின்வாசலுக்குப் போயிற்று. பாதி திறந்திருந்த கதவை மூக்கால் தள்ளி, கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் புகுந்தது.

அங்கே படுத்துக்கொண்டது. சுவர் ஓரமாக ஒரு ஆள் உட்கார இடம் விட்டுப் படுத்தது. வாலால் தரையைத் தட்டித் தட்டிக் காத்திருந்தது.

ஆவுடையப்பன் அடுக்களை நடுவில் நின்றார்.

“இதத்தான் தாயி, வீட்லயும் தெனமும் மூணு மணிக்குக் கதவுக்குப் பின்னால போயி… நான் கூட அது கழியத்தான்…”



உலகம்மை கும்பாவை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அந்தச் சந்துக்குள் போய் உட்கார்ந்தார். இரண்டு முழங்காலையும் மார்போடு ஒடுக்கிக்கொண்டால்தான் இடம் போதும். அங்கே இருந்து பார்த்தால் பந்திக்கூடம் தெரியவில்லை. பந்திக்கூடத்தில் இருப்பவர்களுக்கும் அங்கே ஒரு ஆள் இருப்பது தெரியாது. ஆனால் எல்லாம் கேட்டது. யாராவது தண்ணீர் என்று கூப்பிட்டால் சட்டென்று எழுந்து போய்விடலாம், அவ்வளவு பக்கம்.

அவர் தூங்குகிற கட்டில், வீட்டில், இதே தூரத்தில்தான் கிடந்தது.

கும்பாவை நாய்க்கு முன்னால் வைத்தார்.

சிட்டு வாய் வைக்கவில்லை. இரண்டு நாளாகப் பட்டினி கிடந்த நாய், கஞ்சியைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“தின்னுட்டி.”

பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆவுடையப்பன் ஒரு வாய் அள்ளிக் குடித்தார். சூடும் இல்லை, உப்பும் இல்லை. மெதுவாகத் தொண்டையில் இறங்கியது.

சிட்டு தலையைக் குனிந்து கும்பாவின் எதிர் ஓரத்தில் வாய் வைத்தது. அவசரம் இல்லாமல், சிந்தாமல், நக்கி நக்கிக் குடித்தது. பாதி வந்ததும் நிறுத்தியது. மூக்கால் கும்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தது.

வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

“அண்ணாச்சி?” கதவுக்கு அந்தப் பக்கம் உலகம்மையின் குரல்.

“தாயி, அவ என்ன சாப்பிட்டான்னு முந்தாநேத்து கேட்டிய.”

“கேட்டேன்.”

“கஞ்சி” என்றார் ஆவுடையப்பன். “ஆறுன கஞ்சி. அதுலயும் பாதி.”